புது மெஷின் வந்தா ஆபரேட்டருக்குப் பயிற்சி உண்டு… பள்ளி நூலகருக்கு?



திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனிக்குப் புதுசா ஒரு கட்டிங் மெஷின் வந்தா என்ன நடக்கும்? மெஷின் கொடுத்த இடத்திலிருந்து ஆள் வருவாரு. ஆபரேட்டர் பக்கத்திலேயே நின்னு சொல்லிக் கொடுப்பாரு. லட்சக்கணக்கில் பணம் போட்ட மெஷின், ஓட்டத் தெரிந்த ஆள் இல்லாமல் நின்றால் யாருக்கு நஷ்டம் என்று முதலாளிக்கு நல்லாத் தெரியும்.

இதே ஊர்ல அரசுப் பள்ளிக்கு வாங்க. கம்ப்யூட்டர் வந்திருக்கு. ஹைடெக் லேப் வந்திருக்கு. 2018 முதல் பாடப்புத்தகத்திலேயே க்யூஆர் கோடு இருக்கு. ஆனால் நூலகம்? பல பள்ளிகளில் நூலகர் என்று தனியாக ஒருவர் கிடையாது. தமிழோ கணக்கோ எடுக்கிற ஒரு ஆசிரியரிடம் பீரோ சாவி இருக்கும். அவர்தான் நூலகர்! அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க்கை அனுப்பி, "பாத்துக் கத்துக்கோங்க"ன்னு சொன்னா முடிஞ்சுதா? பாடம் நடத்தி, நோட்டுத் திருத்தி, ஆன்லைன்ல வருகைப் பதிவு போட்டு, அதுக்கப்புறம் எப்பங்க கத்துக்கிறது?

கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் ஒரு கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவரை நூலகராக நியமித்தது. "நீங்களே பாத்துக்கோங்க" என்று விடவில்லை. லண்டனுக்கு அனுப்பிப் படிக்க வைத்தது. திரும்பி வந்தவர் இந்திய நூலகத் துறைக்கே தந்தையானார். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் நம்ம மாகாணத்தில்தான் வந்தது. இன்னைக்கும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுறோம். அந்தப் பணம் பொது நூலகங்களுக்கு. பள்ளி நூலகம் அந்தக் கணக்கில் வராது.

நூலகர் புதுசா எதைக் கத்துக்கணும்? பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. புத்தகப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏத்தணும். அதுக்கு நியூசிலாந்தில் உருவாகி, 2000 முதல் இலவசமாகக் கிடைக்கும் 'கோஹா' மென்பொருள் இருக்கு. சின்னப் பள்ளிக்கு ஒரு எக்ஸெல் ஷீட்டே போதும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் இலவசம். 1998இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் நம் இலக்கியங்கள் இருக்கு. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் படக்கதைகள் பல மொழிகளில் கிடைக்குது.

இந்தக் கடைசி விஷயம் திருப்பூருக்கு ரொம்ப முக்கியம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பனியன் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நம் பள்ளிகளில் படிக்கிறாங்க. ஒடியா மட்டுமே தெரிந்த ஒரு பிள்ளைக்கு, ஒரே கதையை ஒடியாவிலும் தமிழிலும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் என்ன ஆகும்? அந்தப் பிள்ளை கதை வழியாகத் தமிழுக்குள்ளே வரும். வகுப்பில் ஊமையாக உட்கார்ந்து, கடைசியில் பள்ளியை விட்டு நின்று, கம்பெனியில் பிசிறு வெட்டப் போகாது. ஆனா அதைத் தேடி எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேணும்ல?

"எல்லா வீட்லயும் போன் இருக்கே, நூலகர் எதுக்கு?"ன்னு கேக்கிறாங்க. போன் இருக்கு, சரி. அப்பா நைட் ஷிப்ட், அம்மா செக்கிங் வேலை. பிள்ளை கையில் போன். அதில் ரீல்ஸ் ஓடுது. கேள்வி கேட்டால் ஏஐ பதில் சொல்லுது. தப்பாக இருந்தாலும் அடிச்சுச் சொல்லுது. அது சரியா தப்பான்னு இன்னொரு இடத்தில் பார்த்துச் சரிபார்க்க, பிள்ளைக்கு யார் கத்துக் கொடுப்பது? பழைய நூலகர் புத்தகத்தைத் தேடிக் கொடுத்தார். இன்றைய நூலகர் உண்மையைத் தேடும் பழக்கத்தைக் கொடுக்கணும். அந்த வேலையின் மதிப்பு ஏறியிருக்கே தவிர, குறையலை.

நம் கோரிக்கைகள்:

✅ உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் முழுநேர நூலகர் பணியிடம் வேண்டும்.

✅ நூலகப் பொறுப்பில் உள்ளவர்களுக்கு வேலை நேரத்திலேயே, நேரில் பயிற்சி வேண்டும். வெறும் லிங்க் பயிற்சி ஆகாது.

✅ நூலகத்துக்கென்று ஒரு கம்ப்யூட்டர், தடையில்லாத இணையம். லேப் பூட்டியிருந்தால் நூலகமும் முடங்கக் கூடாது.

✅ வாரம் ஒரு நூலகப் பாடவேளை. அதை வேறு பாடத்துக்குக் கடன் கொடுக்கக் கூடாது.

இது யாரிடமும் கேட்கும் சலுகை இல்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே, ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், இதழ்கள், கதைப் புத்தகங்களோடு நூலகம் இருக்கணும்னு சொல்லுது. பூட்டிய பீரோவுக்குப் பேர் நூலகம் இல்லை.

அதே சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அந்த நாற்காலி உங்களுடையது. அடுத்த கூட்டத்துக்கு அரை நாள் லீவு போட்டாவது போங்க. மூணே கேள்வி கேளுங்க: நூலகச் சாவி யாரிடம் இருக்கு? அவருக்குக் கடைசியாப் பயிற்சி கொடுத்தது எப்போ? எங்க பிள்ளை இந்த மாசம் எத்தனை புத்தகம் எடுத்துச்சு?

கிடைத்த பதிலைக் கமெண்டில் எழுதுங்க தோழர்களே. ஊர் ஊராகத் தொகுத்து, அதை மனுவாகவே கொண்டு போவோம்.

#பள்ளிநூலகம் #நூலகர்பணியிடம் #திருப்பூர்