ஆயுட்கால ஒயில் என்னும் புளுகு

"இதற்குக் கியர் ஒயில் மாற்றத் தேவையில்லை. ஆயுள் முழுவதற்கும் போட்டே அனுப்பியிருக்கிறார்கள்."

யப்பானிலிருந்து இறக்குமதியான ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கச் சென்ற எவரும் இந்த வாசகத்தைக் கேட்காமல் திரும்பியிருக்க மாட்டார். யாருடைய ஆயுள் என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை. காரின் ஆயுளா, உத்தரவாதப் பத்திரத்தின் ஆயுளா, வாங்கியவனுடைய ஆயுளா?

பேசாலையிலிருக்கும் தம்பி முறையான ஒருவன் ரொயோற்றா அக்குவா ஒன்றை வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறான். நோயாளிகளை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடுவான். அடுத்த நாளே யாழ்ப்பாணம். சென்ற ஆண்டு காரின் முன்புறத்திலிருந்து மெல்லிய முனகல் ஒன்று எழுந்தது. கராஜில் கியர்ப்பெட்டியின் அடியாணியைக் கழற்றியபோது வடிந்தது கோப்பிச் சாயம். புதிதில் அந்த ஒயில் செந்நிறமானது. "அண்ணை, மாற்றத் தேவையில்லை என்றுதானே சொல்லி விற்றார்கள்?" என்றான். விற்றவர் தொலைபேசியை எடுப்பதில்லை.

சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். ரொயோற்றாவின் ஹைபிரிட் கார்களில், இயந்திரத்தின் விசையையும் மின்மோட்டாரின் விசையையும் ஒன்றுசேர்க்கும் பற்சக்கரத் தொகுதியும் இரண்டு மின்மோட்டார்களும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. நான்கு லீற்றருக்கும் குறைவான ஒயில்தான் பற்சக்கரங்களை வழுக்கவும் வைக்கிறது. மோட்டார்களின் செப்புச் சுருள்களில் தெறித்து அவற்றின் வெப்பத்தையும் உறிஞ்சுகிறது. மின் கசியாமலும் காக்கிறது. மூன்று வேலை, ஒரு கூலி. வெப்பம் ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் ஒயில் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது இரசாயனவியலின் பழைய கணக்கு. நான் கலைப்பீடத்துப் பட்டதாரி. எனக்கே இது விளங்குகிறது.

மன்னாரில் மலையில்லையே, கியருக்கு என்ன பாரம் என்று கேட்பவர்கள் உண்டு. மலையில்லை, உண்மை. ஆனால் மதவாச்சி வீதியில் நண்பகல் வெயிலில் ஐந்து பேரையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு, குளிரூட்டியையும் முடுக்கிவிட்டு மணிக்கணக்காக ஓடுவது பாரமில்லையா? தாழ்பாட்டிலும் தலைமன்னாரிலும் காற்று அள்ளிவரும் மணலும் கடலுப்பும் முன்புற ரேடியேற்றரின் இடுக்குகளை அடைத்துவிட்டால், காற்றால் ஆற வேண்டியது எப்படி ஆறும்? வாகனக் கைந்நூல்கள் பலவற்றில், கடுமையான பாவனை என்ற தலைப்பில் புழுதி வீதியும் அதிக பாரமும் தனியே குறிக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பக்கத்தை நமக்கு வாசித்துக் காட்டியவர் யார்? நமக்குக் கிடைக்கும் கைந்நூலோ யப்பானிய மொழியில் இருக்கிறது.

எனக்கு மிகுந்த ஆத்திரம் மூட்டுவது முகப்புத் திரைதான். இலை முளைக்கிறது, அம்புக்குறி ஓடுகிறது, ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று பாராட்டுப் பத்திரம் வாசிக்கிறது. கியர்ப்பெட்டியின் வெப்பம் எத்தனை பாகை என்பது மட்டும் அதில் இல்லை. அந்தத் தகவல் காருக்குத் தெரியாததன்று. ஸ்ரியறிங்கின் கீழுள்ள ஓபிடி துவாரத்தில் சிறியதொரு புளூடூத் கருவியைச் செருகினால், இரு மோட்டார்களின் வெப்பமும் கைத்தொலைபேசியில் வந்து நிற்கிறது. உரியவனுக்குக் காட்டாமல் மறைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஹொண்டாவின் கதை வேறு. 2013 செப்டெம்பரில் வந்த ஃபிற் ஹைபிரிட்டின் ஏழு கியர் இரட்டைக் கிளச்சுப் பெட்டியில் கிளச்சு உலர்ந்த வகை. ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினால் சூடேறும். வெசலிலும் அதுவே. சூடு மீறினால் எச்சரிக்கை வரும், யப்பானியத்தில் வரும்! அந்த ஃபிற் ஓராண்டுக்குச் சற்றுக் கூடிய காலத்தில் ஐந்து முறை யப்பானில் திரும்ப அழைக்கப்பட்டது. 2014 ஒக்டோபரில் நிறுவனத் தலைவரே தம் சம்பளத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டார். அங்கே தலைவர் சம்பளத்தை வெட்டுகிறார்; இங்கே தரகர் தொலைபேசியைத் துண்டிக்கிறார்.

அரசு என்ன செய்கிறது? ஆண்டுதோறும் புகையைச் சோதிக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு வழிவிட்டது. அந்த ஐந்தாண்டுகளும் பழைய கார்களே நம்மைச் சுமந்தன; அவற்றின் விலை வீட்டு விலையாயிற்று. பத்தாண்டு தாண்டிய அக்குவா இன்று ஒரு குடும்பத்தின் மூலதனம். அதற்குள் ஒரு முறையும் மாறாத ஒயில்.

மூடிய பெட்டியைத் திறந்தால் தூசி புகும் என்று மிரட்டுகிறார்கள். எஞ்சினைத் திறக்கும்போது புகாத தூசியா? ரொயோற்றாவைப் பொறுத்தவரை வேலை எளிது. முதலில் மேலாணி கழருகிறதா என்று பாருங்கள். அது இறுகியிருக்க அடியாணியைக் கழற்றி ஒயிலை வடித்துவிட்டால் கார் அந்த இடத்திலேயே கிடக்கும். நிறுவனம் குறித்த டபிள்யூஎஸ் வகை ஒயிலையே கேளுங்கள்; செப்புச் சுருளோடு பழகும் ஒயில் அது, மலிவென்று வேறெதையும் ஊற்ற இடங்கொடாதீர்கள். வடிந்த ஒயிலை வெள்ளைத் துணியில் நனைத்து உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

தம்பியின் காரில் முனகல் குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. பெயரிங் போயிருக்கலாம் என்கிறார் மெக்கானிக். இப்போது கைத்தொலைபேசியில் வெப்பத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டுகிறான். முருங்கன் தாண்டியதும் எண் ஏறினால், மரநிழலில் நிறுத்தி, பின்னிருக்கையில் இருக்கும் நோயாளியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறான்.