மண்ணரிப்பும் மனை நிலமும்

காவிரியின் இடக்கரையில், ஜேடர்பாளையத்துத் தடுப்பணையினின்று பிரியும் ராஜவாய்க்காலையும், அதனோடு சேர்ந்த குமாரபாளையம், பொய்யேரி, மோகனூர் வாய்க்கால்களையும் அறியாதார் நாமக்கல் ஜில்லாவில் இரார். பரமத்தி வேலூர் வட்டாரத்து வெற்றிலைக் கொடிக்கால்களும், வாழையும், கரும்பும், தென்னையும் இந்நீரை நம்பியே நிற்கின்றன. இவ்வாய்க்காலை வெட்டுவித்தவர் என்று நாட்டார் போற்றும் அல்லாள இளைய நாயக்கருக்கு ஆண்டுதோறும் தை முதல் நாளில் மாலை சூட்டி மரியாதை செய்கிறோம். அது தக்கதே. ஆனால், அவர் தந்த வாய்க்காலில் மண் சேர விட்டுவிட்டு அவருக்கு மாலை சூட்டுவது எவ்வகை நன்றி என்று நம் ஜனங்களைக் கேட்க விரும்புகிறோம்.

வாய்க்காலுக்கு மேலே கிடக்கும் செம்மண் புன்செய்கள் ஒவ்வொன்றாக மனைப்பிரிவுகளாக மாறி வருகின்றன. குடியிருக்க வீடு வேண்டாமென்று நாம் கூறவில்லை. நிலம் மனையாகும் முறையைப் பற்றியே நம் கவலை. ஒரு காட்டை வாங்கியவுடன் பொக்லைன் இயந்திரம் இறங்குகிறது. தலைமுறை தலைமுறையாக உழவர் காத்த வரப்புகள் உடைபடுகின்றன. வேம்பும் புல்லும் வேரோடு பெயர்க்கப்படுகின்றன. எல்லைக் கல் நட்டு, பாதை போட்டு, விலை கூறும் பலகையும் நாட்டியாகிவிட்டது. வீடு கட்டுவோர் வரப் பல்லாண்டுகள் ஆகலாம். ஐப்பசி மழையோ அதுவரை காத்திராது.

மூடாக்கில்லாத மண்ணில் மழைத்துளி விழும்போது நிகழ்வது யாது? துளியின் அடியால் மண்கட்டி சிதறித் துகளாகிறது. அத்துகள் நிலத்தின் நுண்துளைகளை அடைத்துவிடுவதால், உள்ளே இறங்க வேண்டிய நீர் மேலே ஓடுகிறது. ஓடும் நீர் முதலில் மேல்மண்ணைப் பரவலாகச் சுரண்டுகிறது. பின்னர்ச் சிறு சால்களாகவும், முடிவில் பெரும் பள்ளங்களாகவும் நிலத்தை அறுக்கிறது. பருமணல் அருகிலேயே தங்கிவிடும். உரச்சத்தைத் தாங்கிய நுண்களியோ, ஓடை வழியே வாய்க்காலைச் சேர்ந்து, நீரோட்டம் தளரும் இடத்தில் படிகிறது. உழவு நிலத்தினின்று அரிக்கப்படுவதைப் போல் 10 முதல் 20 மடங்கு மண், கட்டுமான நிலத்தினின்று அரிக்கப்படுகிறது என்று அமெரிக்க சர்க்காரின் சுற்றுச்சூழல் காப்பு முகமை கணித்திருக்கிறது. காட்டு நிலத்தோடு ஒப்பிட்டால் அது 1,000 முதல் 2,000 மடங்காம்.

இதனால் விளையும் நஷ்டத்தை யார் ஏற்கிறார்? மனை விற்றவர் இலாபத்தோடு போய்விடுகிறார். கடைமடை விவசாயிக்கு நீர் எட்டுவதில்லை. தூர் வாரும் செலவு பொதுப்பணத்தின் மேல் விழுகிறது. 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையில் வண்டல் அள்ளும் வேலை 2017-இல்தான் முதன்முதலாகத் தொடங்கிற்று. படிந்த மண்ணை எடுப்பது எத்துணைப் பெரும் பாடு என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

விந்தை யாதெனில், இதே நிலம் விளைநிலமாக இருந்த வரையில் அதன் மண்ணைக் காக்கச் சட்டம் இருந்தது. மண்வளம் காத்தற்பொருட்டே 1959-ஆம் ஆண்டின் நில அபிவிருத்தித் திட்டச் சட்டம் நம் ராஜ்யத்தில் இயற்றப்பட்டது. வேளாண்மைப் பொறியியல் இலாகா வரப்பு அமைக்க உதவுகிறது. உதகமண்டலத்தில் 1954 முதல் மண்வள ஆராய்ச்சி நிலையம் நடந்து வருகிறது. நிலம் மனையான அன்றோ, இக்கவலையெல்லாம் ஓய்ந்துவிடுகிறது! 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கை, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டடப் பரப்புள்ள வேலைகளுக்கு முன்னனுமதி வேண்டுமென்கிறது. கிராமத்து ஐந்தாறு ஏக்கர் மனைப்பிரிவு அவ்வலையில் சிக்குவதில்லை.

பிற நாட்டார் இதனைப் பட்டறிந்தே கற்றனர். அமெரிக்கச் சமவெளியில் புல்லை உழுதெறிந்ததன் பயனாக 1930-களில் புழுதிப் புயல் எழுந்து வயல்களைப் பாழாக்கிய பின்னரே, 1935-இல் அந்நாடு மண்வளக் காப்புச் சட்டம் செய்தது. கட்டுமான நிலங்களுக்கும் அந்நெறி பின்னர் விரிந்தது. 2003 முதல் ஓர் ஏக்கர் நிலத்தைக் கிளறுபவரும் மண்ணைத் தடுக்கும் திட்டத்தோடு அனுமதி பெற்றாக வேண்டும். ஓர் ஏக்கர் என்னும் அவ்வளவு நமக்கும் பொருந்துமென்பது நம் அபிப்பிராயம்.

செலவு மிகும் என்று மனை வியாபாரிகள் முறையிடலாம். வேண்டிய பொருள்களோ நம் வட்டாரத்திலேயே குவிந்து கிடக்கின்றன. கரும்புச் சோகையையும் வைக்கோலையும் திறந்த மண்மேல் பரப்பினால் மழையடி தணியும். சரிவான இடத்தில் தென்னைநார்ப் பாய் விரிக்கலாம். சரிவுக்குக் குறுக்கே வெட்டிவேரை வரிசையாக நட்டால், ஆழ இறங்கும் அதன் வேர் மண்ணைப் பிணிக்கும். தூர் மண்நீரை வடிகட்டும். மனை விற்கும் வரை கொழிஞ்சியோ சணப்பையோ விதைத்துவிடலாம். மேட்டில் ஒரு திருப்புக் கால்வாயும், தாழ்ந்த மூலையில் வண்டல் தங்க ஒரு குட்டையும் வெட்ட, பொக்லைனுக்கு அதிக நேரம் பிடியாது. எல்லாவற்றிற்கும் மேலாக, அன்றன்றைய வேலைக்கு வேண்டிய நிலத்தை மட்டும் திறப்பதற்குக் காசே செலவில்லை.

எம் நிலத்து மண் எமக்கே சொந்தம் என்பாரும் உளர். நிலத்தில் இருக்கும் வரை அது அவருடையதே. ஓடையில் இறங்கியபின் அது ஊராரின் சுமையாகிவிடுகிறது. மண்ணைத் திறப்பவரே அதனைத் தம் எல்லைக்குள் நிறுத்தவும் கடமைப்பட்டவர் என்பதே நியாயம்.

ஆகவே, மனைப்பிரிவுக்கு அனுமதி வழங்கும் நகர் ஊரமைப்பு இலாகாவும் ஸ்தல ஸ்தாபனங்களும் இதனைக் கட்டாய நிபந்தனையாக விதிக்க வேண்டும். வண்டல் குட்டையும் மூடாக்கும் அமைந்தனவா என்று புரட்டாசி முடியுமுன் நேரிற் சென்று பார்க்க வேண்டும். அமையாவிடத்து, வாய்க்கால் தூர் வாரும் செலவை உரியவரிடமே வசூலிக்க வேண்டும். மனை வாங்குவோரும் பத்திரத்தையும் பாதையையும் பார்ப்பதோடு, மழைநீர் எவ்வழி போகிறதென்றும் கேட்பாராக. பாசன விவசாயிகள் தத்தம் ஓடைத் தலைப்புகளைக் கண்காணித்து அதிகாரிகளுக்கு எழுதுவாராக. ஓர் அங்குல மேல்மண் உருவாகப் பல நூற்றாண்டுகள் செல்லும். அதனை ஒரே மழையில் இழக்கத் துணிவது நம் சந்ததிக்குச் செய்யும் துரோகமாகும். சர்க்கார் இவ்வாண்டு மழைக்கு முன்னரே விழித்துக்கொள்ளுமென நம்புகிறோம்.