சூட்டு யோகப் புரட்டு

சாகுபுரம், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் பக்கத்து உப்பளங்களில் ஆண்களும் பெண்களும் வெயிலுக்குப் பயந்து விடியுமுன்னே பாத்தியில் இறங்குகிறார்கள். பட்டணங்களிலோ அதே சூட்டை ஓர் அறைக்குள் அடைத்து, கதவைச் சாத்தி, “சூட்டு யோகம்” என்று பெயரிட்டுக் காசுக்கு விற்கிறார்கள். தினம் ஓடுகிறவர்களும் பந்தாடுகிறவர்களும் கசரத்துச் செய்கிறவர்களும்கூட, இருதயம் இன்னும் பலப்படும், உடம்பின் விஷமெல்லாம் வேர்வையாய் வடியும் என்று நம்பி அதற்குள் போகிறார்கள். இதன் யோக்கியதையைச் சற்று பார்ப்போம்.

இது ரிஷிகள் காலத்துச் சரக்கல்ல. கல்கத்தாவில் பிறந்த பிக்ரம் சௌத்ரி என்பவர் 1970-களில் அமெரிக்காவில் பரப்பிய முறை. 26 நிலைகள், 90 நிமிஷம், 40 டிகிரிக்கு மேற்பட்ட சூடு. இந்த வரிசை தமக்கே சொந்தம் என்று வழக்காடினார். 2015-ல் அமெரிக்க அப்பீல் கோர்ட்டு, இதற்குப் பதிப்புரிமை கிடையாது என்று சொல்லிவிட்டது. பழைய ஞானமென்றால் அதற்குப் பட்டா கேட்பானேன்? சொந்தச் சரக்கென்றால் ரிஷிகளை இழுப்பானேன்?

போகட்டும், சூட்டினால் இருதயத்துக்கு லாபமுண்டா? 2018-ல் டெக்ஸாஸ் ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு பரீட்சையின் முடிவை வெளியிட்டார்கள். தேகப்பயிற்சி இல்லாத நடுவயதினரில் ஒரு பிரிவார் 40 டிகிரிச் சூட்டிலும், மற்றொரு பிரிவார் 23 டிகிரியிலும் 12 வாரம் அதே ஆசனங்களைச் செய்தார்கள். இரத்தக் குழாய்கள் விரியும் சக்தி இரு பிரிவாருக்கும் ஒன்றுபோலவே கூடிற்று. அதாவது, பலன் தந்தது ஆசனமே ஒழிய சூடு அல்ல. சும்மா இருந்தவர்களுக்கே இவ்வளவுதான் என்றால், ஏற்கெனவே தினம் ஓடுகிறவனுக்குச் சூடு அதிகம் தரும் என்பதற்கு இதில் ருசு எங்கே?

ஆனால் நஷ்டத்துக்கு ருசு உண்டு. சூட்டில் இரத்தம் தோலை நோக்கி ஓடுகிறது. வேர்த்து வேர்த்து இரத்தத்தின் நீர் குறைகிறது. குறைந்த இரத்தத்தைக் கொண்டு தோலுக்கும் தசைக்கும் பங்கிட இருதயம் வேகமாய் அடித்தாக வேண்டும். காலையில் பத்து மைல் ஓடிவிட்டு, இழந்த நீரை ஈடு செய்யாமல் சூட்டறைக்குள் போகிறவன் இந்தப் பாரத்தை இரட்டிப்பாக்குகிறான். விஷம் போகிறதென்பதும் வெறும் கதை. வேர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்புமே. கழிவைப் போக்குவது ஈரலும் சிறுநீரகமும்.

பந்தயக்காரர்கள் ஒன்றிரண்டு வாரம் சிறுகச் சிறுகச் சூட்டில் பழகினால் உடம்பு அதைத் தாங்கக் கற்கிறது என்பது வாஸ்தவம். அது அளவோடு செய்யும் பயிற்சி. “தலை சுற்றினாலும் அறையை விட்டுப் போகாதே” என்னும் குருபக்தியல்ல.

சூடே மருந்தென்றால் உலகில் திடமானவர்கள் நம் உப்பளத் தொழிலாளர்களாகவல்லவா இருக்க வேண்டும்? 2017 முதல் 2020 வரை சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தார் தமிழ்நாட்டு உப்பளங்களில் 352 பேரைச் சோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் வரம்பு மீறிய சூட்டில் உழைத்தார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வேலை குறைந்திருந்தது. ஒதுங்க மறைவிடமில்லாமல், தண்ணீர் குடிக்கவே அஞ்சும் பெண்கள் இந்தப் பாத்திகளில் உண்டு. பணக்காரன் வேர்த்தால் அது யோகம், பாட்டாளி வேர்த்தால் அது தலைவிதியா?

ஆகவே வாலிபர்களே, உழைக்கிற உடம்புக்கு வேண்டியது தண்ணீர், உப்பு, ஓய்வு. நெஞ்சு வலித்தாலோ, படபடத்தாலோ, மயக்கம் வந்தாலோ உடனே வெளியேறி வைத்தியரிடம் போங்கள். சூட்டறைக்குக் கொடுக்கும் காசையும் ஊக்கத்தையும், பாத்தியோரத்தில் ஒரு நிழலும், ஒரு குடிநீர்த் தொட்டியும், பெண்களுக்கு ஒரு கக்கூசும் கேட்பதில் செலவிடுங்கள். அதனால் பிழைக்கும் இருதயங்கள் அநேகம்.