எஜமானும் தாமே, ஊழியரும் தாமே

பிறரிடம் உத்தியோகம் பார்க்கிறவர்களுக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. தங்கள் சோம்பலுடன் தாங்களே மல்லுக்கு நிற்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. அந்தச் சிரமத்தை மேலதிகாரி ஏற்றுக் கொள்கிறார். மணி பத்தடித்தால் நாற்காலியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேட்க ஓர் ஆள் இருக்கிறார். அவரை மனத்துக்குள் திட்டிக்கொண்டே மாதம் முழுவதும் வேலை செய்து, மாதக் கடைசியில் சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

ஒருவரிடமும் கைகட்டிச் சேவகம் செய்வதில்லை என்று தீர்மானித்து, பேனாவையே நம்பிப் பிழைக்கப் புறப்பட்ட எழுத்தாளருக்கு இந்தப் பாக்கியம் கிடையாது. அவருக்கு எஜமானும் அவரே, ஊழியரும் அவரே. பெரும்பாலும் இந்த எஜமான் பரம தயாளுவாகவும், ஊழியர் மகா தந்திரசாலியாகவும் அமைந்துவிடுகிறார்கள். “இன்றைக்கு மனம் ஓடவில்லை” என்கிறார் ஊழியர். “அதற்கென்ன, நாளைக்கு எழுதினால் போகிறது” என்கிறார் எஜமான். “அலமாரியில் புத்தகங்களை அடுக்கிவிட்டால் புத்தி தெளியும்” என்கிறார் ஊழியர். “பேஷான யோசனை!” என்கிறார் எஜமான். அன்று முழுவதும் இருவருக்கும் அபிப்பிராய பேதமே ஏற்படுவதில்லை. மாதக் கடைசியில் அரிசிக் கடைக்காரர் வந்து நிற்கும்போதுதான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஆகவே, எழுத்தை ஜீவனமாகக் கொண்டவருக்கு முதல் வேலை, நல்ல எஜமானாக இருக்கக் கற்றுக்கொள்வதுதான். இந்தப் பாடத்தை நன்றாகக் கற்ற ஒரு தாயையும் மகனையும் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறோம். இருவரும் இங்கிலாந்து தேசத்தவர்கள்.

தாயின் பெயர் பிரான்ஸெஸ் டிராலப். கணவர் வக்கீல். தொழிலில் அவருக்கு முன்னேற்றம் இல்லை. ஹாரோ என்னும் ஊரில் பண்ணை வைத்துப் பார்த்தார், அதிலும் நஷ்டம். குடும்பத்தை எப்படியாவது தூக்கி நிறுத்த வேண்டும் என்று அம்மையார் 1827-ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். சின்சினாட்டி நகரத்தில் பெரிய கடை மாளிகை ஒன்றை நிறுவினார்கள். அதுவும் கையைக் கடித்தது. 1831-ல் வெறுங்கையுடன் தாயகம் திரும்பினார். ஆனால் கையிலே பணம் இல்லாவிட்டாலும் பையிலே ஒரு புத்தகத்துக்கு வேண்டிய குறிப்புகள் இருந்தன. அமெரிக்கர்களின் நடையுடை பாவனைகளைப் பற்றிய அந்தப் புத்தகம் 1832-ல் வெளியாயிற்று. அமெரிக்கர்களுக்குக் கோபமும் ஆங்கிலேயர்களுக்குக் குதூகலமும் உண்டாக்கியது. அப்போது அம்மையாருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அதற்கு முன் அவர் ஒரு புத்தகமும் வெளியிட்டவரல்லர்.

கஷ்டகாலம் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. 1834-ல் கடன்காரர்கள் வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்ய வந்தார்கள். குடும்பம் பெல்ஜியம் தேசத்தில் புருஜ் என்னும் நகரத்துக்கு ஓடியது. அங்கே கணவர் படுத்த படுக்கையானார். மகன் ஹென்றிக்குக் க்ஷயரோகம். மகள் எமிலிக்கும் அதே நோய் தோன்றியது. அந்த வீட்டில் மைக்கூடும் மருந்துப் புட்டிகளும் அருகருகே இருந்தன என்று பிற்காலத்தில் அவருடைய மகன் எழுதினார். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த நேரம் போக மிஞ்சிய நேரத்திலே, இரவில் கண்விழித்து, அம்மையார் நாவல் எழுதினார். அந்த நாவல்களிலிருந்து வந்த பணத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது, மருந்தும் வந்தது. 1834 டிசம்பரில் மகன் இறந்தான். அடுத்த வருஷம் கணவர் காலமானார். அதற்கடுத்த வருஷம் மகளும் போனாள். அம்மையார் எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. எழுபத்தாறாவது வயது வரையில் எழுதி, 114 தொகுதிகள் வெளியிட்டார். எப்படி முடிந்தது? நல்ல நாட்களில் அவர் காலை நான்கு மணிக்கே மேஜை முன் உட்கார்ந்துவிடுவார். மற்றவர்கள் எழுந்திருக்கும்போது அவருடைய அன்றைய எழுத்து வேலை முடிந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் தாயாகவும் வீட்டுத் தலைவியாகவும் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்.

இந்தத் தாயைப் பார்த்து வளர்ந்த பிள்ளைதான் அந்தோணி டிராலப். 1834-ல், தமது 19-வது வயதில், லண்டன் தபால் இலாகாவில் குமாஸ்தாவாக அமர்ந்தவர். 1867-ல் அந்த வேலையை ராஜிநாமாச் செய்துவிட்டு, 1882-ல் இறக்கும் வரையில் சுதந்திரமாக எழுதிப் பிழைத்தார். மொத்தம் 47 நாவல்கள் எழுதினார். உத்தியோகத்தில் இருந்த காலத்திலேயே தமக்குத் தாமே எஜமானாக இருக்கப் பழகிக்கொண்டதால், உத்தியோகம் போனபிறகு அவருக்குத் திண்டாட்டம் ஏற்படவில்லை.

அவருடைய ஏற்பாடுகளைச் சற்றுக் கவனிப்போம். காலை ஐந்தரை மணிக்கு மேஜை முன் இருக்க வேண்டும் என்பது விதி. எழுப்பிக் காப்பி கொடுப்பதற்காக ஒரு பழைய குதிரைக்காரருக்கு வருஷத்துக்கு 5 பவுன் அதிகப்படியாகக் கொடுத்து வந்தார். தம் வெற்றிக்கு மற்ற எவரையும்விட அந்தக் கிழவருக்கே அதிகம் கடமைப்பட்டிருப்பதாக அவர் எண்ணினார். உட்கார்ந்ததும் முதல் அரை மணி நேரம், முதல் நாள் எழுதியதைப் படிப்பார். இதனால் பிழையும் திருந்தும். அறுந்த நூலும் கைக்கு அகப்படும். பிறகு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 வார்த்தை வீதம் எழுதுவார். மூன்று மணி நேரம் ஆனதும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். ஒரு மனிதன் ஒரு நாளில் எழுத வேண்டியதை மூன்று மணி நேரத்தில் எழுதிவிடலாம் என்பது அவர் கொள்கை.

எல்லாவற்றிலும் முக்கியமானது அவருடைய கணக்குப் புத்தகம். நாவல் தொடங்கும்போதே நாட்குறிப்பு ஒன்று தயாராகிவிடும். அன்றன்று எத்தனை பக்கம் எழுதினார் என்று அதிலே பதிவு செய்வார். பக்கம் என்றால் 250 வார்த்தை, அளவு மாறக்கூடாது. சராசரி வாரத்துக்கு 40 பக்கம். சில வாரங்களில் 20. ஒரு வாரத்தில் 112 வரையில் கூடப் போயிருக்கிறது. வேலை செய்யாத நாளின் வெற்றிடம் அவரை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். கணக்கு வாரத்துக்கு என்று வைத்ததிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு நாள் தலைவலி வந்தால் மறுநாள் ஈடு செய்யலாம். ஊழியருக்கு லீவு உண்டு. ஆனால் லீவு எழுதாமல் ஓடிப்போக முடியாது!

ரயிலிலே போகும்போது மடிமேல் பலகை வைத்துப் பென்ஸிலால் எழுதினார். அதை மனைவி பிரதி எடுத்துக் கொடுத்தார். 1858-ல் தபால் இலாகா காரியமாக எகிப்துக்குப் போனபோது கப்பலில் கடுங்காற்று. குமட்டல் தாங்காமல் எழுந்து ஓடுவார். திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடருவார். அப்போது எழுதிக்கொண்டிருந்த நாவல் முடிந்த மறுநாளே அடுத்த நாவலைத் தொடங்கிவிட்டார்.

“இதென்ன, இலக்கியமா, செங்கல் சூளையா?” என்று நேயர்கள் கேட்கலாம். அவர் காலத்து ரசிகர்களும் அப்படித்தான் கேட்டார்கள். அவர் இறந்த பிறகு 1883-ல் வெளியான சுயசரிதையில் இந்தக் கணக்கையெல்லாம் பார்த்த பலர் முகம் சுளித்தார்கள். தம் புத்தகங்கள் சம்பாதித்துத் தந்தது 68,939 பவுன் 17 ஷில்லிங் 5 பென்ஸ் என்று பைசாச் சுத்தமாக வேறு எழுதி வைத்திருந்தார்! ஆனால் அவருடைய பார்செஸ்டர் நாவல்களை ஆங்கிலம் படிக்கிறவர்கள் இன்றும் விரும்பிப் படிக்கிறார்கள். படிக்கிறவர் கண்ணுக்குக் கடிகாரம் தெரிவதில்லை, மனிதர்கள்தான் தெரிகிறார்கள். கலைமகளின் கடாக்ஷம் எந்த நேரத்தில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவள் வரும்போது நாம் மேஜைக்கு முன்னால் இருப்பது நல்லதல்லவா?

நிற்க. கணக்குப் புத்தகம் இல்லாத எழுத்தாளரை வேலை வாங்குவது பயம் ஒன்றுதான். ருஷ்ய ஆசிரியர் டாஸ்டாயெவ்ஸ்கி 1865-ல் கடன் தொல்லையால் ஒரு பிரசுரகர்த்தரிடம் 3,000 ரூபிள் வாங்கிக்கொண்டு கொடுமையான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1866 நவம்பர் 1-ந் தேதிக்குள் புதிய நாவல் கொடுக்காவிட்டால், ஒன்பது வருஷத்துக்கு அவர் எழுதுவதையெல்லாம் அந்த மனிதர் காசு கொடுக்காமல் அச்சிட்டுக் கொள்ளலாம்! அக்டோபர் பிறந்தபோது ஒரு வரிகூட எழுதியாகவில்லை. அன்னா என்ற இருபது வயதுப் பெண்ணைச் சுருக்கெழுத்துக்கு அமர்த்தினார். தினந்தோறும் குறித்த நேரத்தில் அவள் வந்தாள், அவர் சொன்னார், அவள் இரவில் சுத்தப் பிரதி எழுதிக் கொண்டுவந்தாள். 26 நாட்களில் ‘சூதாடி’ என்ற நாவல் முடிந்தது. பிரசுரகர்த்தர் ஊரில் இல்லாமல் மறைந்துகொள்ளவே, போலீஸ் காரியாலயத்தில் கொடுத்து ரசீது வாங்கினார்கள்.

இதைக் கேட்டவுடன், “கெடு வந்தால் நானும் எழுதிவிடுவேன்” என்று நம் எழுத்தாளர் மார்தட்ட வேண்டாம். பல மாதங்களாக அந்தக் கெடு இருந்துகொண்டுதான் இருந்தது, நாவல் பிறக்கவில்லை. ஒருவர் தவறாமல் வந்து, எதிரே உட்கார்ந்து, நேற்றைய பக்கங்களை நீட்டிய பிறகுதான் பிறந்தது. 1867-ல் டாஸ்டாயெவ்ஸ்கி அந்தப் பெண்ணையே மணந்துகொண்டார். கடன்காரர்களுடன் பேசுவதும் கணக்கு வழக்கும் நாளடைவில் அன்னாவின் பொறுப்பாயின. 1873-ல் கணவருடைய நாவல் ஒன்றை அந்த அம்மாளே பிரசுரித்து லாபமும் கண்டாள். பயத்தினால் ஒரு நாவலை எழுதலாம். குடும்பம் நடத்த முடியாது.

ஆகையால் எழுத்தாளருக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். டிராலப்பின் 250 வார்த்தையை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆங்கிலத்தில் மூன்று நான்கு வார்த்தைகளில் சொல்வதைத் தமிழ் ஒரே வார்த்தையில் சொல்லிவிடும். கணக்கு ஒத்து வராது. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும். உங்கள் அளவை நீங்களே நிர்ணயித்துக் கொள்ளுங்கள். அரைப் பக்கமானாலும் சரி. ஆனால் நிர்ணயித்ததை எழுதி வையுங்கள். எழுதியதை எண்ணி வையுங்கள். உங்களிடம் நீங்களே பொய்க் கணக்குக் காட்டுவது மட்டும் கூடாது.

வீட்டாருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. வீட்டில் ஒருவர் எழுத உட்கார்ந்தால், பாட்டி முதல் பேரன் வரையில் அனைவருக்கும், “அவன் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறான்” என்று தோன்றுவது சகஜம். எழுதுகிறவர் பெண்ணாக இருந்துவிட்டாலோ, சொல்ல வேண்டியதில்லை; அடுப்பங்கரையிலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு குரல் வரும். புருஜ் நகரத்து அம்மையார் நோயாளிகளுக்கு நடுவே எழுதினார் என்பது உண்மையே. அதற்காக நம் வீட்டுப் பெண்களையும் அந்தச் சோதனைக்கு உள்ளாக்க வேண்டுமா? காரியாலயத்தில் இருப்பவரைக் கறிவேப்பிலை வாங்கிவர நாம் கூப்பிடுவதில்லை. அந்த மரியாதையை, வீட்டு மூலையில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவருக்கும் தினம் இரண்டு மணி நேரம் அளித்தால் போதும்.

அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் காப்பி கேட்டால் கொடுத்துவிடுங்கள். மூன்றாவது தடவை கேட்டால் கொடுக்க வேண்டாம். அது ஊழியரின் தந்திரம், எஜமானுக்குத் தெரிந்திருக்காது.