டார்ட்டன் அணிய வம்சாவளி வேண்டுமா?

ஸ்காட்லாந்தில் பட்டமளிப்பு விழாவுக்கும் திருமணத்துக்கும் ஆண்கள் பலர் கில்ட் அணிவார்கள். மடிப்பு வைத்து முழங்கால் வரை வரும் கம்பளி ஆடை அது. அதிலுள்ள வண்ணக் கட்டங்களின் அமைப்புக்கு டார்ட்டன் என்று பெயர். மெக்டொனால்டு குலத்துக்கு ஒன்று, கேம்பல் குலத்துக்கு ஒன்று என்று வழக்கம் உண்டு. அங்குப் படிக்கச் செல்லும் நம் மாணவர்களுக்கு, "நமக்கு அந்த வம்சாவளி இல்லையே, நாம் எதை அணிவது?" என்ற தயக்கம் வரலாம்.

தயங்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. டார்ட்டனின் வரலாறும் அதற்குத் துணை நிற்கிறது.

1746இல் கலோடன் போருக்குப் பின், மேட்டுநில ஆண்கள் தங்கள் மரபுடையை அணிவதைப் பிரிட்டிஷ் அரசு சட்டம் போட்டுத் தடை செய்தது. 1782இல்தான் அந்தத் தடை நீங்கியது. 1815இல் லண்டன் ஹைலண்ட் சங்கம், குலத் தலைவர்களிடம் அவரவர் டார்ட்டன் மாதிரியை அனுப்பச் சொன்னது. தங்களுக்குரியது எது என்று சில தலைவர்களுக்கே தெரியவில்லை! 1822இல் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பர்க் வந்தபோது, எழுத்தாளர் வால்டர் ஸ்காட் வரவேற்பை டார்ட்டன் திருவிழாவாகவே ஆக்கிவிட்டார். அதன் பின் குல டார்ட்டன் மோகம் பெருகியது. பேனக்பர்ன் ஊரில் வில்சன் நெசவு நிறுவனம் வெறும் எண் போட்டு விற்ற சில வடிவங்களும் குலப் பெயர் பெற்றன.

ஆக, குலத்துக்கொரு டார்ட்டன் என்ற முறை பெரும்பாலும் 200 ஆண்டுப் பழமைதான். அதற்காக அதைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. தாத்தா அணிந்ததைப் பேரன் அணியும்போது எழும் உணர்வு உண்மையானது. தாய்வழிக் குலத்தின் டார்ட்டனையும் அணிகிறார்கள்.

ஆனால், வம்சாவளி மட்டுமே உறவாகிவிடாது. வாழ்ந்த ஊரும் படித்த கல்விக்கூடமும் உறவுதான். இன்று வட்டாரங்களுக்கும் நகரங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் டார்ட்டன்கள் இருக்கின்றன. 'சிங்' என்ற பெயரிலும் ஒன்று உண்டு. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஸ்காட்லாந்து டார்ட்டன் பதிவேட்டில் புதிய வடிவங்களையும் பதியலாம்.

யார் எதை அணியலாம் என்பதற்குச் சட்டம் இல்லை, மரபுதான் உண்டு. பால்மோரல் டார்ட்டன் அரச குடும்பத்துக்குரியது. அதைத் தவிர்ப்பதே மரியாதை. கரும்பச்சையும் நீலமும் கலந்த பிளாக் வாட்ச், ஒரு படைப்பிரிவின் பெயரைத் தாங்கியது. அதை எவரும் அணியலாம்.

ஒரு குலத்தின் டார்ட்டனை அணிவது அந்தக் குலத்தோடு தன்னை இணைத்துக்கொள்வதாகும். எனவே, கடைக்காரர் காட்டும் பெயர்ப் பட்டியலில் தன் பெயருக்குப் பக்கத்தில் வரும் ஒரு குலத்தைத் தேடிப் பிடிப்பது வெறும் அலங்காரமே. "ஏன் இதை அணிந்திருக்கிறாய்?" என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர் கேட்டால், உண்மையான ஒரு பதில் நம்மிடம் இருக்கவேண்டும். "நான்கு ஆண்டு இந்த ஊர்தான் எனக்கு வீடு" என்பது மிக நல்ல பதில்.