ஒரே அட்டவணை, இரண்டு எண்கள்

ஆய்வு மாணவரான நண்பர் ஒருவர் சென்ற மாதம் ஓர் அட்டவணையுடன் வீட்டுக்கு வந்தார். கணினியில் கை-வர்க்கச் சோதனை செய்திருந்தார். "பி மதிப்பு ஏறக்குறைய பூஜ்யம். ஆகவே தொடர்பு மிக வலுவானது" என்றார். நான் மறுத்தேன். பேச்சு நீண்டதில் தேநீர் ஆறிப்போனது. அந்த விவாதத்தின் மிச்சம்தான் இக்கட்டுரை. கதையும் கவிதையும் பேசும் இடத்தில் புள்ளியியலுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். முடிவில் இலக்கியத்துக்கே வந்து சேர்வோம்.

ஆண், பெண்; சேர்க்கப்பட்டவர், நிராகரிக்கப்பட்டவர். இவை அளக்கும் அளவைகள் அல்ல, வகைகள். இவற்றுக்கிடையே தொடர்பு உண்டா, உண்டெனில் எவ்வளவு? 'ஆர்' என்ற இலவச மென்பொருளுடன் இதற்கான புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்றும் சேர்ந்தே வருகிறது. 1973ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தோரில், ஆறு பெரிய துறைகளுக்குரிய 4526 பேரின் கணக்கு அது. ஆண்கள் 2691 பேரில் 1198 பேருக்கு இடம் கிடைத்தது. பெண்கள் 1835 பேரில் 557 பேருக்கு. அதாவது 44.5 சதவீதம், 30.4 சதவீதம்.

கை-வர்க்க மதிப்பு 92.2. பி மதிப்போ கண்ணுக்கே தெரியாத சிறு பின்னம். ஆனால் இது சொல்வதெல்லாம், இந்த வேறுபாடு தற்செயலாக நேர்ந்திருக்க வாய்ப்பில்லை என்பது மட்டுமே. அட்டவணையின் எண்களை எல்லாம் பத்தால் பெருக்கினால் கை-வர்க்கமும் பத்து மடங்காகிவிடும். தொடர்பின் வலிமை மாறியிராது. நண்பர் தவறவிட்ட இடம் இதுதான். வலிமையைச் சொல்ல வேறு கெழுக்கள் உண்டு. ஹரால்டு கிராமரின் பெயரால் வழங்கும் கெழு இங்கே 0.14 என்கிறது. உட்னி யூல் 1900இல் முன்வைத்த கெழுவோ 0.30 என்கிறது. ஒரே அட்டவணை, ஓர் எண் மற்றதைப்போல் இரு மடங்கு! எதை நம்புவது என்று மென்பொருள் நம்மைக் கேட்பதில்லை. கேட்டதைக் கணக்கிட்டுத் தருவதோடு அதன் வேலை முடிந்தது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தால் ஆறில் நான்கு துறைகளில் பெண்களின் சேர்க்கை விகிதமே ஆண்களுடையதைவிடக் கூடுதல். முதல் துறையில் ஆண்களுக்கு 62 சதவீதம், பெண்களுக்கு 82 சதவீதம். பிறகு எப்படி மொத்தத்தில் பின்தங்கினார்கள்? எளிதில் இடம் கிடைக்கும் முதல் இரு துறைகளுக்கு ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்திருந்தனர். பெண்களிலோ 133 பேர் மட்டுமே. மற்றவர்கள் எல்லாரும் இடம் அரிதாயிருந்த துறைகளின் வாசலில் நின்றனர்.

பிக்கல், ஹாமெல், ஓ'கானல் ஆகிய மூவரும் 1975இல் 'சயின்ஸ்' இதழில் இதை விளக்கினார்கள். இதைப் படித்த பலர் "அப்படியானால் அநீதியே இல்லை" என்று புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. கட்டுரையாசிரியர்களே பள்ளிப் பருவம் முதல் பெண்கள் சில துறைகளை நோக்கித் திருப்பிவிடப்படுவதைச் சுட்டியிருந்தார்கள். அட்டவணையைப் பிரித்ததால் அநீதி மறையவில்லை. அது சேர்க்கைக் குழுவின் மேசையிலிருந்து சமூகத்தின் வீட்டு முற்றத்துக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். எதை வைத்துப் பிரிப்பது என்பது கணக்கல்ல, ஒரு நிலைப்பாடு.

இப்படிக் கலப்பதால் இல்லாத தொடர்பு தோன்றக்கூடும் என்று 1903லேயே எச்சரித்தவரும் அதே யூல்தான். தம் ஆசிரியர் கார்ல் பியர்சனோடு அவருக்குப் பெரும் பூசல் மூண்டது. வகைகளுக்குப் பின்னே தொடர்ச்சியான ஓர் அளவை மறைந்திருப்பதாகக் கொண்டு கணக்கிட வேண்டும் என்றார் பியர்சன். பெரியம்மையில் இறந்தவர் இறந்தவரே, அதில் கூடுதலாக இறந்தவர், குறைவாக இறந்தவர் என்று உண்டா என்பது யூலின் வாதம். 1913இல் பியர்சனும் ஹெரானும் நூற்றைம்பது பக்கங்களுக்கு மேல் மறுப்பு எழுதினார்கள். இன்று இவ்விருவரின் கெழுக்களும் ஒரே மென்பொருளில் சமாதானமாக அருகருகே கிடக்கின்றன. சண்டை மட்டும் காணாமல் போய்விட்டது. உண்மையில் நாம் கற்க வேண்டியது அந்தச் சண்டையைத்தான்.

யூல் தம் முதுமையில் எண்ணப் புகுந்தது எதை என்று நினைக்கிறீர்கள்? சொற்களை. கிறிஸ்துவைப் பின்பற்றுவது குறித்த புகழ்பெற்ற இலத்தீன் நூலை எழுதியவர் தாமஸ் ஆ கெம்பிஸா, ஜான் ஜெர்சனா என்ற பழைய வழக்கை ஆராய, பெயர்ச்சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று கணினி இல்லாத காலத்தில் உட்கார்ந்து எண்ணினார். 1944இல் அது நூலாக வந்தது. எண்ணுவதற்கு முன் எதை ஒரு சொல் என்று கொள்வது என அவர் முடிவு செய்தாக வேண்டியிருந்தது. வாசகனாகிய எனக்கு அதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. எண்ணிக்கை தொடங்குவதற்கு முன்பே ஒரு வாசிப்பு நிகழ்ந்துவிடுகிறது.

நண்பர் அட்டவணையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இம்முறை எதனால் பிரிப்பது என்று யோசித்தபடி.