எதிர்பாராத அட்மிஷனாம்!

"திடீர்னு காய்ச்சல் வந்துச்சு, ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க." கேன்சருக்கு கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவர் வீட்டிலிருந்து இப்படி ஒரு போன் வந்தால், சொந்தக்காரர்கள் விதி, கிரகம், கண்ணு பட்டுடுச்சு என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஆஸ்பத்திரியும் தன் பங்குக்கு 'எதிர்பாராத சிக்கல்' என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொள்ளும்.

எதிர்பாராததா? யாருக்கு?

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத்தான் குறிவைத்து அடிக்கிறது. கேன்சர் செல் அந்த ரகம். முடியின் வேரும் எலும்பு மஜ்ஜையும்கூட அதே ரகம்தான். முடி கொட்டுவது கண்ணுக்குத் தெரிகிறது, ஊரே அதைப் பற்றிப் பேசுகிறது. மஜ்ஜை அடிவாங்கி, கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு குறைவது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. பெரும்பாலான மருந்துகளில், ஏற்றிய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் அது அடிமட்டத்துக்குப் போகும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1500க்கு மேல் இருக்கவேண்டியது 500க்குக் கீழே இறங்கினால் பெரிய ஆபத்து. காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டக்கூடிய ஒன்றுக்கு 'எதிர்பாராதது' என்று பெயர் வைப்பது எந்த ஊர் நியாயம்?

இது நேற்று கண்டுபிடித்த சமாசாரமும் இல்லை. வெள்ளையணு குறையக் குறைய தொற்று கூடுகிறது என்று அமெரிக்காவில் ஜெரால்ட் போடியும் அவருடைய சகாக்களும் 1966லேயே எழுதிவிட்டார்கள். என்ன கிருமி என்று தெரியும்வரை காத்திருக்காமல், காய்ச்சல் கண்டவுடனே ஆன்டிபயாடிக் கொடுக்கும் முறை 1971ல் மருத்துவ இதழில் வந்துவிட்டது. ஐம்பது வருஷம் தாண்டியாச்சு. உள்ளே நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் நரம்பில் ஏறவேண்டும் என்பது இன்றைய விதி. பிரிட்டனில் கீமோ எடுப்பவர்கள் கையில் இதற்கென்றே ஒரு அட்டை இருக்கிறது. ராத்திரி பகல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிட ஒரு நம்பரும் இருக்கிறது.

இங்கே? சென்னையில் மருந்து ஏற்றிக்கொண்டு பஸ் பிடித்து ஊருக்குப் போகிறார் ஒரு அம்மா. பத்தாம் நாள் ராத்திரி உடம்பு கொதிக்கிறது. ஒரு பாராசிட்டமால், கொஞ்சம் மிளகு ரசம், "காலையில பாத்துக்கலாம்." மாத்திரையில் இறங்குவது சூடு மட்டும்தான், கிருமி அப்படியே இருக்கிறது. வெள்ளையணு இல்லாத உடம்பில் சீழ் பிடிக்காது, வீக்கமும் சரியாகத் தெரியாது. பல சமயம் காய்ச்சல் ஒன்றுதான் அபாய மணி. அந்த மணியின் நாக்கைப் பிடுங்கிவிட்டுத் தூங்கப் போகச் சொல்கிறது அறியாமை. அந்த அறியாமைக்கு அந்த அம்மா பொறுப்பா, சொல்லாமல் அனுப்பியவர்கள் பொறுப்பா?

காலையில் பக்கத்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டு, வரிசை, "பிளட் ரிசல்ட் வரட்டும்", "எங்க கீமோ எடுத்தீங்களோ அங்கயே போங்க". ஒரு மணி நேரக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது.

'முன்னாடியே சொன்னா பேஷண்ட் பயந்துடுவாங்க' என்பார்கள். கேன்சர் என்ற வார்த்தையையே தாங்கியவர் தெர்மாமீட்டரைப் பார்த்தா பயப்படப் போகிறார்? 'படிக்காதவங்களுக்குப் புரியாது' என்பார்கள். தானே இன்சுலின் போட்டுக்கொள்ளும் பாட்டிகள் எத்தனையோ பேர் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். 'டாக்டருக்கு நேரமில்லை' என்பது மட்டும் நிஜம். ஓபி கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் இதைச் சொல்ல டாக்டர் எதற்கு? டிஸ்சார்ஜ் சீட்டோடு ஒரு அட்டை, நர்ஸம்மா ஐந்து நிமிஷம் பேசினால் போதும்.

அட்டையில் இருக்கவேண்டியது இவ்வளவுதான்:

1. வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கட்டும். 101 டிகிரி ஒரு தடவை வந்தாலும், 100.4 ஒரு மணி நேரம் நின்றாலும் கிளம்பு. காய்ச்சலே இல்லாமல் குளிர் நடுக்கம் வந்தாலும் கிளம்பு.

2. டாக்டரைக் கேட்காமல் பாராசிட்டமால் போடாதே. விடியட்டும் என்று காத்திருக்காதே.

3. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் வார்த்தை: "கீமோ எடுத்து இத்தனை நாள் ஆச்சு, காய்ச்சல் இருக்கு."

அட்டையின் பின்பக்கம் அங்கே இருக்கும் டாக்டருக்கு: ரத்தம் எடுத்தவுடன் ஆன்டிபயாடிக். ரிசல்ட்டும் பில்லும் பிறகு.

இதெல்லாம் செய்தாலும் சிலர் ஆஸ்பத்திரியில் படுக்கத்தான் வேண்டியிருக்கும். வெள்ளையணுவைக் கூட்டும் ஊசிகூட ஆபத்தைக் குறைக்குமே தவிர அறவே ஒழிக்காது. அட்மிட் ஆவது யாருடைய தோல்வியும் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் தாமதமாக அட்மிட் ஆவதுதான் தோல்வி.

பல லட்சம் செலவழித்து கேன்சரோடு மல்லுக்கட்டுகிறவரை, ஒரு அட்டையும் ஐந்து நிமிஷப் பேச்சும் இல்லாத காரணத்தால் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு, விதி என்று சொல்வது அயோக்கியத்தனம். விதி அட்டை அச்சடிக்காது. ஆஸ்பத்திரிதான் அடிக்க வேண்டும்.